லென்ஸ் மாற்றாத கேமரா

கேமரா வாங்கக் கடைக்குப் போனால், எவ்வளவு செலவு செய்வீர்கள் என்று விசாரித்த கையோடு கடைக்காரர் கேட்கும் அடுத்த கேள்வி, "லென்ஸ் மாத்துற மாடல் பார்க்கலாமா சார்?" என்பதாகத்தான் இருக்கும். பணம் இருப்பவருக்கு லென்ஸ் மாற்றும் கேமரா, இல்லாதவருக்குச் சட்டைப்பையில் போடும் சின்ன கேமரா என்ற வரிசை நம் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு அதில் நியாயம் இருந்தது. அன்றைய சின்ன கேமராக்களில் பெரும்பாலானவற்றின் சென்சார் பரப்பு 28 சதுர மி.மீ. அளவுதான். மாலை வெளிச்சம் மங்கியதும் படம் முழுக்கப் பொரிப்பொரியாகப் புள்ளிகள் வந்துவிடும். இன்று நிலைமை வேறு. லென்ஸைக் கழற்ற முடியாததைச் சின்ன கேமராவின் பெரிய குறையாகச் சொல்கிறார்கள். ஒளியியல் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அதன் பலமே அங்கேதான் இருக்கிறது என்பேன்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு பேசுவோம். ரிக்கோ நிறுவனத்தின் ஜிஆர் 3 என்ற கேமரா 2019-இல் விற்பனைக்கு வந்தது. பேட்டரி, மெமரி கார்டு எல்லாம் போட்டு 257 கிராம். அகலம் 109 மி.மீ., உயரம் 62 மி.மீ., கனம் 33 மி.மீ. பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடக்கலாம், பேருந்தில் உட்காரலாம். மேலே இருக்கும் பொத்தானை அழுத்தினால் முன்பக்கத்தில் மெல்லிய இதழ்கள் விலகும்; லென்ஸ் குழல் ஒன்றுக்குள்ளிருந்து ஒன்றாக இரண்டு அடுக்காய் வெளியே வந்து நிற்கும். எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். குழலுக்குள் ஆறு கண்ணாடிகள். குவியத் தொலைவு 18.3 மி.மீ. பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள 'ஃபுல் ஃப்ரேம்' கேமராவில் 28 மி.மீ. லென்ஸ் எந்த அகலத்துக்குக் காட்சியைப் பிடிக்குமோ அதே அகலம். பின்னால் இருக்கும் சென்சார் 23.5 மி.மீ.க்கு 15.6 மி.மீ.; லென்ஸ் மாற்றும் கேமராக்கள் பலவற்றில் இருக்கும் அதே ஏபிஎஸ்-சி அளவு. ஜூம் கிடையாது. கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் கிடையாது. ஃப்ளாஷும் உள்ளே கிடையாது.

இந்தச் சென்சாரின் பரப்பு சுமார் 367 சதுர மி.மீ. பழைய சின்ன கேமராவைப் போலப் பதின்மூன்று மடங்கு. இந்த எண்ணுக்கு ஏன் இத்தனை மதிப்பு? ஒளி துகள் துகளாகத்தான் வந்து விழுகிறது. ஒரே வெளிச்சத்தில், ஒரே நேர அளவில் ஒரு பிக்சலில் விழும் ஒளித்துகள்களை மறுபடி மறுபடி எண்ணினால் எண்ணிக்கை கூடியும் குறைந்தும் வரும். இந்தத் தடுமாற்றத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு: எண்ணிக்கையின் வர்க்கமூலம் எவ்வளவோ அவ்வளவு. 10,000 துகள்கள் விழுந்தால் தடுமாற்றம் 100, அதாவது நூற்றுக்கு 1. நூறே துகள்கள் விழுந்தால் தடுமாற்றம் 10. நூற்றுக்கு 10 ஆகிவிடுகிறது. இருட்டில் எடுத்த படத்தில் நாம் பார்க்கும் பொரி பெரும்பாலும் இதுதான். எவ்வளவு உயர்ந்த மின்னணுச் சில்லு வைத்தாலும் இதைத் துடைத்துவிட முடியாது, ஏனென்றால் இது வெளிச்சத்தின் சொந்தக் குணம். இதற்கு ஒரே மருந்து கூடுதல் துகள்களைச் சேர்ப்பது.

துகள்களைச் சேர்க்கும் வாசல் லென்ஸின் துளை. எஃப் 2.8 என்று எழுதியிருந்தால், குவியத் தொலைவை 2.8-ஆல் வகுத்தால் வருவது துளையின் விட்டம் என்று பொருள். ஜிஆர் 3-இன் லென்ஸுக்கு அது 6.5 மி.மீ. அதே காட்சியை அதே எஃப் 2.8-இல் பிடிக்கும் ஃபுல் ஃப்ரேம் கேமராவின் 28 மி.மீ. லென்ஸுக்கு 10 மி.மீ. நல்ல கைப்பேசிகள் பெரும்பாலானவற்றின் முதன்மைக் கேமராவில் ஏறத்தாழ 4 மி.மீ. வாசலின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், ஃபுல் ஃப்ரேம் கேமரா ஜிஆரைப் போல 2.3 மடங்கு வெளிச்சம் சேர்க்கும். ஜிஆர் கைப்பேசியைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் சேர்க்கும்.

2.3 மடங்கு வெளிச்சம் என்றால் 2.3 மடங்கு தெளிவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வர்க்கமூலம் குறுக்கே நிற்கிறது. படத்தின் தூய்மை ஒன்றரை மடங்குதான் கூடும். அந்த ஒன்றரை மடங்குக்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமராவின் உடல் மட்டும் 700 கிராம் அளவில் இருக்கும். அதில் இருப்பதிலேயே சிறிய 28 மி.மீ. லென்ஸைப் பூட்டினாலும் 850 கிராமைத் தொட்டுவிடும், முன்னிருந்து பின்வரை 10 செ.மீ. நீளும். பலரும் வாங்கும் 24-70 எஃப் 2.8 ஜூமைப் பூட்டினால் ஒன்றரைக் கிலோ. அதற்குத் தனிப் பை வேண்டும். பை என்றாலே எடுத்துக்கொண்டு போவதா வேண்டாமா என்று வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒரு யோசனை வரும்.

சென்சார் ஒரே அளவில் இருக்கும்போது ஒரு கேமரா 33 மி.மீ. கனத்திலும் இன்னொன்று அதன் இரண்டு மூன்று மடங்கிலும் இருப்பது எதனால் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதற்கான பதில் மவுண்ட் என்ற உலோக வளையத்தில் இருக்கிறது.

லென்ஸைக் கழற்றி மாட்ட வேண்டுமானால் உடலில் ஒரு வளையம் வேண்டும். அந்த வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவே உள்ள தூரத்தை நிறுவனம் முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். முடிவு செய்தபின் பல பத்தாண்டுகளுக்கு அதை மாற்ற வழியில்லை, மாற்றினால் வாடிக்கையாளர் வாங்கி வைத்த லென்ஸ்கள் எல்லாம் வீண். நிக்கான் 1959-இல் கொண்டுவந்த எஃப் மவுண்டில் அந்தத் தூரம் 46.5 மி.மீ. கேனன் 1987-இல் கொண்டுவந்த ஈஎஃப் மவுண்டில் 44 மி.மீ. எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி சாய்ந்து நின்று காட்சியை மேலே வ்யூஃபைண்டருக்கு அனுப்பும், படம் எடுக்கும் கணத்தில் மேலே தூக்கிக்கொள்ளும். அது ஆடுவதற்கு இத்தனை இடம் தேவைப்பட்டது.

இப்போது 28 மி.மீ. லென்ஸை யோசித்துப் பாருங்கள். எளிய லென்ஸாக இருந்தால் தொலைவிலுள்ள காட்சியைத் தனக்குப் பின்னால் 28 மி.மீ. தூரத்தில் குவிக்கும். ஆனால் ஃபிலிமுக்கும் வளையத்துக்கும் நடுவே 44 மி.மீ.; ஆடும் கண்ணாடி இருப்பதால் லென்ஸ் அந்த இடத்துக்குள் ஓரளவுக்கு மேல் நுழையவும் முடியாது. குவிய வேண்டிய இடத்துக்கு லென்ஸால் போக முடியவில்லை என்றால் குவியும் இடத்தைத் தள்ளிப் போட வேண்டும். அதற்கு முன்னால் ஒரு பெரிய குழிலென்ஸை வைத்து ஒளியை முதலில் விரியவிட்டு, பிறகு பின்னால் உள்ள குவிலென்ஸ்களால் மடக்கிக் கொண்டுவருவார்கள். பிரான்சின் பியர் ஆஞ்செனியூ 1950-இல் ஸ்டில் கேமராவுக்காகக் கொண்டுவந்த 35 மி.மீ. லென்ஸ் இந்த உத்தியால் புகழ்பெற்றது. அவர் அதற்கு வைத்த ரெட்ரோஃபோகஸ் என்ற வணிகப் பெயரே இந்த வடிவமைப்பின் பொதுப்பெயராகிவிட்டது. எஸ்எல்ஆருக்கு வைட் லென்ஸ் சாத்தியமானது இதனால்தான். ஆனால் விரிப்பதும் மடக்குவதுமாக ஒளியை அலைக்கழிக்கும்போது புதுப்புதுப் பிழைகள் வரும். நேர்கோடு வளையும், ஓரம் மங்கும். அவற்றைத் திருத்த இன்னும் சில கண்ணாடிகள் வேண்டும். லென்ஸ் நீளும், முன்கண்ணாடி அகலும், எடை ஏறும், விலையும் ஏறும்.

மிரர்லெஸ் கேமரா வந்தபோது ஆடும் கண்ணாடி போய்விட்டது. சோனியின் ஈ மவுண்டில் தூரம் 18 மி.மீ., நிக்கான் இசட் மவுண்டில் 16 மி.மீ. பெரிய முன்னேற்றம். ஆனால் வளையம் இருக்கிறதே! இசட் மவுண்டின் உள்விட்டம் 55 மி.மீ. அவ்வளவு அகலம் எதற்கு? என்றோ ஒரு நாள் யாராவது எஃப் 0.95 லென்ஸ் வாங்கிப் பூட்டலாம் என்பதற்கு. நிக்கான் அப்படி ஒன்றை 2019-இல் வெளியிட்டது. 58 மி.மீ. நாக்ட் என்று பெயர், எடை 2 கிலோ. அதை வாங்குகிறவர் மிகச் சிலர். இருந்தாலும் இசட் மவுண்ட் கேமரா வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அந்த அகலத்தைச் சுமந்துகொண்டுதான் திரிகிறார்கள். ஜிஆர் 3-இன் மொத்த உயரமே 62 மி.மீ. என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 55 மி.மீ. உள்விட்டமுள்ள வளையத்தை, அதைச் சுற்றிய உலோக விளிம்போடும் பூட்டோடும் அந்த உடலில் வைக்க இடமே இல்லை.

லென்ஸ் நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட கேமரா, வருங்கால லென்ஸ் எதற்கும் வாக்குக் கொடுப்பதில்லை. எனவே வளையம் வேண்டாம், தூரத்தை முன்கூட்டி நிர்ணயிக்க வேண்டாம். பின்கண்ணாடியைச் சென்சாருக்கு எவ்வளவு அருகில் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு அருகில் வைக்கலாம். ஆயத்த ஆடைக்கும் ஒருவர் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைக்கும் உள்ள வித்தியாசம் இது. ஆறே கண்ணாடிகளில் ஓரம் வரை கூர்மையான 28 மி.மீ. கோண லென்ஸைச் செய்ய முடிந்ததற்கு இந்தச் சுதந்திரம் ஒரு முக்கியக் காரணம். கேமராவை அணைத்ததும் லென்ஸ் உள்ளே மடங்கிக்கொள்வதும் இதனால்தான். மாற்றும் லென்ஸ் வளையத்தின் முன்னே நிற்க வேண்டியது. பொருத்திய லென்ஸோ உடலுக்குள்ளேயே படுத்துக்கொள்கிறது.

இத்தனை வசதி இருந்தும் பெரிய சென்சாரைச் சின்ன உடலில் வைக்க 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு சிக்மா நிறுவனம் டிபி 1 கேமராவைக் கொண்டுவந்தது. ஃபிலிம் காலத்தில் இல்லாத ஒரு சிக்கல் டிஜிட்டலில் முளைத்ததும் தாமதத்துக்கு ஒரு காரணம். ஃபிலிம் சாய்வாக வரும் ஒளியையும் ஏற்றுக்கொள்ளும். அன்றைய சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் சிறிய குழி. ஒளியை உணரும் பகுதி அடியில் இருக்கும், அதற்கு மேலே மின்கம்பிகள் ஓடும். நேராக விழும் ஒளி அடியைத் தொடும், சாய்ந்து விழும் ஒளி சுவரில் மோதும். லென்ஸ் சென்சாரை நெருங்க நெருங்க ஓரங்களில் ஒளியின் சாய்வு கூடும், ஓரம் இருண்டுபோகும்.

பிக்சல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு நுண்லென்ஸ் உட்கார்ந்திருக்கிறது. ஓரத்துப் பிக்சல்களில் அந்த நுண்லென்ஸைச் சற்று மையத்தை நோக்கி நகர்த்தி வைத்தால் சாய்ந்து வரும் ஒளியையும் குழிக்குள் இறக்கிவிடலாம். லைக்கா 2006-இல் வெளியிட்ட எம்8 கேமராவில் இப்படிச் செய்தார்கள். ஆனால் அந்தக் கேமராவில் 1950-களின் லென்ஸையும் மாட்டுவார்கள், நேற்று வந்த லென்ஸையும் மாட்டுவார்கள். ஒவ்வொன்றிலும் ஒளி ஒவ்வொரு சாய்வில் வரும். எதற்கென்று நகர்த்துவது? எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு நடுவழியைத்தான் எடுக்க முடிந்தது. லென்ஸ் ஒன்றே ஒன்று என்று தீர்மானமாகிவிட்டால் வடிவமைப்பாளருக்கு இந்தக் குழப்பம் கிடையாது. அந்த ஒரு லென்ஸின் ஒளி எந்த மூலையில் எத்தனை டிகிரி சாய்கிறது என்பது முன்பே தெரியும். சென்சாரையும் லென்ஸையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி தேர்ந்தெடுக்கலாம், மிச்சமிருக்கும் பிழையைக் கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள் துல்லியமாகத் திருத்தலாம்.

இந்தச் சிந்தனை டிஜிட்டல் காலத்தில் பிறந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக் ஆஸ்துமா நோயாளி. கண்ணாடித் தட்டு போடும் பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு மலை ஏற அவரால் முடியவில்லை. சினிமா ஃபிலிமின் 18-க்கு 24 மி.மீ. சட்டகத்தை இரட்டிப்பாக்கி 24-க்கு 36 என்று வைத்து, 1914 வாக்கில் ஒரு கையடக்கக் கேமராவைச் செய்தார். அது 1925-இல் லைப்சிக் சந்தையில் லைக்கா என்ற பெயரில் மக்கள் பார்வைக்கு வந்தது. இன்று நாம் ஃபுல் ஃப்ரேம் என்று மரியாதையோடு சொல்லும் அளவு இந்தச் சின்ன கேமராவுக்காகப் பிறந்ததுதான். அந்த முதல் லைக்காவில் மேக்ஸ் பெரெக் வடிவமைத்த 50 மி.மீ. எஃப் 3.5 லென்ஸ் இருந்தது. உள்ளே தள்ளினால் மடங்கிக்கொள்ளும், கழற்ற முடியாது. கழற்றி மாட்டும் லைக்கா 1930-இல்தான் வந்தது.

அந்த வசதி வந்த பிறகும் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸோடுதான் வேலை செய்தார். கேமராவின் பளபளப்பு கண்ணில் படாதபடி கறுப்பு நாடா ஒட்டி வைத்திருந்தார். 1948 ஜனவரி 30 அன்று டெல்லியில் அவர் காந்தியைச் சந்தித்துவிட்டு வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் காந்தி சுடப்பட்டார். அன்றைய இரவையும் மறுநாள் இறுதி ஊர்வலத்தையும் அவர் எடுத்த படங்களை உலகமே பார்த்தது. 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்தபோது கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் திருவண்ணாமலையில் இருந்தார். மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்தார். துயரத்தில் இருக்கும் மனிதர்களுக்கு நடுவே பெரிய கருவியோடு நிற்பது எப்படிப்பட்ட இடையூறு என்று யோசித்தால், கேமராவின் அளவு வெறும் சுமை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை என்பது விளங்கும்.

பார்னாக்கின் வழியில் வந்தவர்களில் நான் மிகவும் மதிக்கும் பொறியாளர் ஜப்பானின் யோஷிஹிசா மைதானி. ஒலிம்பஸ் நிறுவனத்தில் சேர்ந்த புதிதில் 6,000 யென்னுக்கு விற்கக்கூடிய ஒரு கேமராவை யோசித்தார். மலிவான கேமரா என்றாலும் படம் தன்னுடைய லைக்காவுக்கு ஈடாக இருக்க வேண்டும் என்று லென்ஸ் வடிவமைப்பாளர்களிடம் கேட்டார். அவர்கள் செய்து கொடுத்துவிட்டார்கள். போட்ட கணக்கில் பெரும்பகுதி லென்ஸுக்கே போய்விட்டது. மற்ற பாகங்களை எல்லாம் எளிமையாக்க வேண்டிய நிலை. ஃபிலிமை நகர்த்தும் பொறியைப் பின்பக்கத்தில் கட்டைவிரலால் உருட்டும் ஒரு பல்சக்கரமாகச் சுருக்கினார். 1959-இல் வந்த அந்த ஒலிம்பஸ் பென் பெரும் வெற்றி பெற்றது. எதில் சிக்கனம் பிடிக்கலாம், எதில் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இருபது ஆண்டுகள் கழித்து, 1979-இல் அவர் செய்த எக்ஸ்ஏ இன்றும் கைக்குக் கிடைத்தால் ஒருமுறை திறந்து மூடிப் பார்க்க வேண்டிய பொருள். சோப்புக்கட்டி போல வழவழப்பான உடல். பக்கவாட்டில் தள்ளினால் மூடி நகர்ந்து லென்ஸ் தெரியும். மூடினால் கேமரா பூட்டிக்கொள்ளும். தனி உறையோ லென்ஸ் மூடியோ தேவையில்லை. லென்ஸ் வெளியே நீண்டு வரவில்லையே, எப்படி? உள்ளே இருந்தது 35 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ். முன்கண்ணாடியிலிருந்து ஃபிலிம் வரை உள்ள தூரம் 35 மி.மீ.க்கும் குறைவு. ஆஞ்செனியூவின் உத்தியைத் தலைகீழாகப் போட்டால் கிடைப்பது இது. முன்னால் குவிலென்ஸ் ஒளியை வேகமாகக் குவிக்கும், பின்னால் ஃபிலிமுக்கு அருகில் குழிலென்ஸ் அதைச் சற்று விரித்து விடும். ஃபோகஸ் செய்யவும் முன்கண்ணாடி நகராது, உள்ளே இருக்கும் கண்ணாடிதான் நகரும். எஸ்எல்ஆரில் ஆடும் கண்ணாடி இருக்கும் இடத்தில்தான் எக்ஸ்ஏவின் குழிலென்ஸ் உட்கார்ந்திருக்கிறது. எனவே அந்த லென்ஸ் எந்த எஸ்எல்ஆரிலும் பூட்டவே முடியாத ஒன்று. கழற்ற வேண்டாம் என்று முடிவு செய்தவருக்கு மட்டுமே அப்படி ஒன்றை வரையும் துணிவு வரும்.

ஜூம் வேண்டும் என்பவர்களுக்காகவும் பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பென்டாக்ஸ் 2003-இல் கொண்டுவந்த ஆப்டியோ எஸ், மூன்று மடங்கு ஜூம் இருந்தும் புதினா மிட்டாய் டின்னுக்குள் அடங்கியது. அணைக்கும்போது நடுவில் உள்ள கண்ணாடித் தொகுதி பக்கவாட்டில் விலகி நிற்கும், முன்னதும் பின்னதும் அந்தக் காலி இடத்தில் நெருங்கிக்கொள்ளும். ஒரே வரிசையில் நிற்க வேண்டிய கண்ணாடிகளை இரண்டு வரிசையாக அடுக்கிய அழகான யோசனை.

ஷட்டருக்கும் இதே கதைதான். லென்ஸ் மாற்றும் கேமராவில் ஷட்டர் பெரும்பாலும் சென்சாரின் முன்னே இரண்டு திரைகளாக ஓடும். லென்ஸைக் கழற்றினாலும் ஷட்டர் உடலில் இருக்க வேண்டுமே. பொருத்திய லென்ஸில் அதை லென்ஸுக்குள்ளேயே, துளைக்குப் பக்கத்தில் வைத்துவிடலாம். அங்கே ஒளிக்கற்றை மிகவும் ஒடுங்கியிருக்கும். சில மி.மீ. அகலத்தை மூடித் திறக்கும் மெல்லிய இதழ்கள் போதும். சத்தம் காதில் விழாத அளவுக்குக் குறைவு, அதிர்வும் இல்லாத மாதிரிதான். ஆனால் இதழ் ஷட்டருக்கு ஒரு வரம்பு உண்டு. துளை முழுக்கத் திறந்திருக்கும்போது இதழ்கள் அதிக தூரம் போய்வர வேண்டும். ஜிஆர் 3 எஃப் 2.8-இல் நொடியில் 2,500-இல் ஒரு பங்குக்கு மேல் வேகமெடுக்காது. உச்சி வெயிலில் இது போதாமல் போகலாம். துளையை எஃப் 16 வரை சுருக்கிச் சமாளிக்கலாம் என்றால் ஒளியின் அலைத்தன்மை தடுக்கும். துளை சிறுக்கச் சிறுக்க ஒரு புள்ளி வட்டமாக விரியும். எஃப் 16-இல் பச்சை ஒளியின் வட்டம் 21 மைக்ரான். இந்தச் சென்சாரின் பிக்சல் 3.9 மைக்ரான்தான். கூர்மை கரைந்துவிடும். அதற்காகத்தான் ஒளியைக் கால்பங்காகக் குறைக்கும் சாம்பல் நிறக் கண்ணாடி ஒன்றை லென்ஸுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள்.

எடை குறைந்தால் கை நடுக்கம் படத்தில் கூடுதலாகத் தெரியும் என்பது உண்மை. கனமான பொருளைச் சட்டென்று அசைக்க முடியாது, லேசானது விரலின் ஒவ்வொரு துடிப்புக்கும் இசையும். அதோடு வ்யூஃபைண்டர் இல்லாததால் கைகளை நீட்டிப் பிடிக்கத் தோன்றும், நடுக்கம் இன்னும் கூடும். முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, ஷட்டர் பொத்தானை விரல் நுனியால் குத்தாமல் விரலின் சதைப்பகுதியால் மெல்ல உருட்டி அழுத்துவதைப் பழக்கிக்கொள்ள வேண்டும். மிச்சத்தைக் கேமரா பார்த்துக்கொள்கிறது. சென்சார் காந்தங்களின் பிடியில் மிதந்தபடி நடுக்கத்துக்கு எதிர்த்திசையில் நகர்கிறது.

தெருவில் படமெடுப்பவர்களுக்கு இந்தக் கேமராவில் பிடித்தது வேறொன்று. ஃபோகஸ் தேடாமல், முன்பே ஒரு தூரத்தைச் சொல்லிவைத்து நேராக அழுத்திவிடும் வசதிக்கு ஸ்னாப் ஃபோகஸ் என்று பெயர். 2.5 மீட்டர் என்று வைத்து, துளையை எஃப் 5.6-இல் விட்டால், 1.4 மீட்டரிலிருந்து 15 மீட்டர் வரை உள்ளதெல்லாம் கண்ணுக்குக் கூர்மையாகத் தெரியும். குவியத் தொலைவு சிறியதாக இருப்பதன் பலன் இது. ஃபுல் ஃப்ரேமில் 28 மி.மீ. லென்ஸை இதே அளவில் வைத்தால் கூர்மை 1.6 மீட்டரில் தொடங்கி ஐந்தரை மீட்டருக்குள் முடிந்துவிடும். டோக்கியோவின் ஷின்ஜுகு தெருக்களைப் பல பத்தாண்டுகளாக எடுத்துவரும் மொரியாமா தைதோ, ஃபிலிம் காலத்து ஜிஆர் 1 முதல் இந்த வரிசையைப் பயன்படுத்துகிறவர். நடந்துகொண்டே, சில சமயம் திரையைக்கூடப் பார்க்காமல் அவர் எடுக்கும் முறைக்கு இந்தக் கணக்கு அடியில் நிற்கிறது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, எட்டாத இடங்களையும் சொல்ல வேண்டும். 400 மி.மீ. எஃப் 5.6 லென்ஸின் துளை 71 மி.மீ. தூரத்து மரத்தில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு அந்த வாசல் வேண்டும். எந்தப் பொறியாளராலும் அதைப் பாக்கெட்டில் அடக்க முடியாது. ஜூம் உள்ள சின்ன கேமராக்கள் தொலைவை இழுக்கும்போது மங்குவதும் இதனால்தான். சோனி 2012-இல் கொண்டுவந்த ஆர்எக்ஸ்100 அருமையான கேமரா. 240 கிராமில் 116 சதுர மி.மீ. சென்சார் வைத்த சாதனை. அதன் லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப் 1.8, தொலைக் கோணத்தில் எஃப் 4.9. துளையைக் கணக்கிட்டால் முதலாவதில் 5.8 மி.மீ., இரண்டாவதில் 7.6 மி.மீ. உடலின் அளவு அதற்கு மேல் இடம் கொடுக்கவில்லை. கல்யாண மண்டபத்தில் நாள் முழுக்க வேலை பார்ப்பவர், விளையாட்டு எடுப்பவர், முகத்தை மட்டும் கூர்மையாக்கிப் பின்னணியைக் கரைக்க விரும்புபவர் ஆகியோருக்கெல்லாம் லென்ஸ் மாற்றும் கேமராதான் சரி. ஜிஆர் 3-இன் சின்ன பேட்டரி ஒரு சார்ஜில் சுமார் 200 படங்களுக்குத்தான் தாங்கும். குழல் உள்ளே போய் வெளியே வரும்போது காற்றை இழுக்கும், காற்றோடு தூசும் போகும்; சென்சாரில் ஒட்டினால் நாமே லென்ஸைக் கழற்றி ஊத முடியாது, சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். புழுதியில் வேலை செய்பவர்கள் இதை யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

கைப்பேசி இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்வியைச் சந்தை ஏற்கெனவே கேட்டுவிட்டது. 2010-இல் உலகம் முழுக்க 10 கோடிக்கும் மேற்பட்ட சின்ன கேமராக்கள் விற்பனைக்குப் போயின. 2023-இல் அது 20 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. கைப்பேசி விழுங்கியது 28 சதுர மி.மீ. சென்சார் வைத்த பழைய கேமராக்களை, விழுங்கியது நியாயமும்கூட. பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பொரியைக் குறைக்கும் வித்தையில் கைப்பேசி அபாரமாக முன்னேறியிருக்கிறது. காட்சி அசையாமல் இருந்தால் அந்த வித்தை பலிக்கும். ஓடும் குழந்தையின் முகத்தில், திரும்பும் தலையின் முடியில், அடுக்கிய படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் மெழுகு பூசியது போல ஆகிவிடும். ஒரே கணத்தில் போதுமான துகள்களைச் சேர்த்துவிட்டால் மென்பொருள் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. அதனால்தான் பெரிய சென்சார் வைத்த சின்ன கேமராக்கள் தப்பிப் பிழைத்தன. 2024-இல் ஃபியூஜிஃபில்மின் எக்ஸ்100 வரிசையில் ஆறாவது மாடல் வந்தபோது கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க முடியாமல் கடைகளில் தட்டுப்பாடு ஏற்பட்டது.

வாங்குவதற்கு முன் ஒன்று செய்து பார்க்கலாம். ஏற்கெனவே ஜூம் லென்ஸ் உள்ள கேமரா வைத்திருப்பவர்கள், போன ஓராண்டில் எடுத்து, பிடித்துப்போய்ச் சேமித்து வைத்த படங்களைக் கணினியில் திறக்கட்டும். ஒவ்வொரு படத்தின் விவரப் பகுதியிலும் எந்தக் குவியத் தொலைவில் எடுத்தது என்று பதிந்திருக்கும். கேமரா ஏபிஎஸ்-சி ஆக இருந்தால் அந்த எண்ணை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். கேனன் என்றால் 1.6-ஆல். பெரும்பான்மை 24-க்கும் 35-க்கும் நடுவே விழுந்தால் 28 மி.மீ. கோணமுள்ள ஜிஆர் போதும். 40-ஐச் சுற்றி விழுந்தால் 2021-இல் வந்த ஜிஆர் 3எக்ஸ் அந்தக் கோணத்துக்கென்றே செய்யப்பட்டது. எண்கள் அங்கும் இங்குமாகச் சிதறியிருந்தால் ஆர்எக்ஸ்100 போல ஒரு அங்குல சென்சார் கொண்ட ஜூம் மாடல்களைப் பார்க்கலாம். 200-ஐத் தாண்டிய படங்களே அதிகம் என்றால் கடைக்காரர் சொல்வதைக் கேட்டு லென்ஸ் மாற்றும் கேமராவையே வாங்குங்கள், நல்ல பை ஒன்றையும் சேர்த்து.